உருளைக்கிழங்குக்கு முதலில் தெரிந்த செய்தி

மைத்துனன் போன் செய்தபோது டிரைவிங் மாஸ்டர் ஒரு மாணவருக்கு வண்டியைப் பின்னால் எடுக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். ஒரு விஷயம் பேச வேண்டும், வீட்டில் வேண்டாம், அக்கா காதில் விழக் கூடாது என்று சொல்லிவிட்டு மைத்துனன் போனை வைத்துவிட்டான். அதன்பிறகு மாஸ்டர் மாணவரை இடது பக்கம், இடது பக்கம் என்றே திருப்பிக்கொண்டிருந்தார். ஒரே மருந்துக்கடையை நாலாவது தடவையாகக் கடந்தபோது மாணவர்தான் தயங்கித் தயங்கி, சார், இது ஏதாவது புதுப் பாடமா என்று கேட்டார்.

மைத்துனன் ஃபிரிட்ஜ் மெக்கானிக். நாற்பத்து மூன்று வயது. கல்யாணமாகவில்லை. பெண் கிடைக்காததால் அல்ல. மாஸ்டரின் மனைவி, அதாவது அவனுடைய அக்கா, பத்து வருடங்களாகத் தானே முன்னின்று பெண் பார்த்துக்கொண்டிருந்ததால். ஒருத்தி சிரித்தால் தெருக்கோடி வரை கேட்டது. இன்னொருத்தி சிரிக்கவே இல்லை. மற்றொருத்தி எல்லா விதத்திலும் பொருத்தமாக இருந்தாள். அதனாலேயே அக்காவுக்குச் சந்தேகம் வந்தது. இதைப் பற்றி யாராவது வாயைத் திறந்தால் அன்றைக்குச் சாப்பாட்டுத் தட்டுகள் மேஜையில் சத்தமாக வைக்கப்படும். ஆகவே ஆண்கள் இருவரும் வாயைத் திறப்பதில்லை.

வீட்டில் பேச முடியாததைப் பேச அவர்களுக்கு ஓர் இடம் இருந்தது. மார்க்கெட் முனையில் ஒரு பார். காலுக்கு அட்டை மடித்து வைத்த மேஜை, ஆளுக்கொரு பீர், நடுவில் ஒரு தட்டு வறுத்த உருளைக்கிழங்கு. கிழங்கு ஒரு நாள் கருகியிருக்கும், ஒரு நாள் வெந்திருக்காது. யாரும் குறை சொன்னதில்லை. அதைப் பற்றி யாரும் யோசித்ததே இல்லை. இடையில் கடையைத் தகரத்தால் மறைத்து மாதக்கணக்கில் அங்கே ஏதோ வேலை நடந்தது. இப்போது திறந்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதும் மாஸ்டர் மைத்துனனைச் சனிக்கிழமை சாயங்காலம் அங்கேயே வரச் சொன்னார். அதுவரைக்கும் அவர் மனதில் ஓடியதெல்லாம் ஆஸ்பத்திரியும் ஸ்கேனும்தான். மைத்துனனுடைய அப்பா போனதும் இப்படித்தான், யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்து.

முன்பு பாருக்கு இரண்டே எழுத்தில் ஒரு போர்டு இருந்தது. இப்போது போர்டு இல்லை. கதவில் உள்ளங்கை அகலத்துக்குப் பித்தளைத் தகடு ஒன்று மட்டும் பதித்திருந்தார்கள். மதுக்கூட உணவு மேம்பாட்டுக் கழகத்தின் முதல் தர அங்கீகாரம் பெற்றது என்று அதில் எழுதியிருந்தது. கடையின் பெயர் என்ன என்று மாஸ்டர் கேட்டார். தேடி வருகிறவர்களுக்குப் பெயர் தேவைப்படாது என்று வாசலில் கறுப்புக் கோட்டு போட்டு நின்ற பெண் பதில் சொன்னாள்.

பிறகு அவள் எந்த மனநிலையில் வந்திருக்கிறீர்கள் என்று கேட்டாள்.

"சும்மாதாங்க" என்றான் மைத்துனன்.

அவள் கையிலிருந்த திரையில் தேடினாள். கொண்டாட்டம் இருந்தது, நினைவு இருந்தது, சமாதானம் இருந்தது, தேடல் இருந்தது. சும்மா இல்லை. அவள் வருத்தத்தோடு தலையை ஆட்டிவிட்டு அவர்களைத் தேடலில் போட்டாள். தேடல்காரர்களுக்கான மேஜை கழிப்பறைக்குப் பக்கத்தில் இருந்தது.

உட்கார்ந்ததும் மைத்துனன் சட்டைப் பையிலிருந்து மூக்குக் கண்ணாடியை எடுத்துப் போட்டான், கழற்றினான், துடைத்தான். முகம் வெளுத்திருந்தது. மாஸ்டர் மேஜைமேல் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டு எதற்கும் தயாராக முன்னால் சாய்ந்தார். மாமா, நான் என்ன சொல்ல வந்தேன்னா என்று அவன் தொடங்கினான்.

நடுவில் ஒரு கை நுழைந்து சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தை வைத்தது. அந்தக் கைக்குச் சொந்தக்காரர் தாடி வைத்த மனிதர். தான் பரிமாறுகிறவர் அல்ல, விளக்குநர் என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார். கிண்ணத்தில் பழுப்பாக ஏதோ பொடி இருந்தது. தொட்டுக்கொள்ளக் கொடுத்த மசாலா என்று நினைத்து மாஸ்டர் விரலால் ஒற்றி நாக்கில் வைத்தார். அது மண். இவர்கள் சாப்பிடப்போகும் கிழங்கு விளைந்த மண், முகர்ந்து பார்ப்பதற்காக வைத்தது. விளக்குநர் பதறவில்லை. சில விருந்தினர்கள் இவ்வளவு ஆழமாகப் போவதுண்டு என்று பாராட்டினார். மாஸ்டர் வாய் கொப்பளிக்க எழுந்தார். கழிப்பறை பக்கத்திலேயே இருந்தது அப்போதுதான் உபயோகப்பட்டது.

திரும்பி வந்தபோது மெனு வந்திருந்தது. வறுத்த உருளைக்கிழங்குக்கு நிலத்தின் நினைவு என்று பெயர். பொரித்த மீனுக்குக் கடலின் மௌனம். அவித்த முட்டைக்குத் தொடக்கம். எதற்கும் விலை போடவில்லை. மாஸ்டர் விலையைக் கேட்டார். விளக்குநர் குரலைத் தாழ்த்தி, அதற்கு வேறு ஆள் இருக்கிறார் என்றார். சாவு வீட்டில் பேசுகிற குரல் அது.

வேறு ஆள் வந்தார். கழுத்தில் விலை ஆலோசகர் என்று அட்டை தொங்கியது. வரும்போதே தனக்கு ஒரு நாற்காலியும் கொண்டுவந்தார். அதை இருவருக்கும் நடுவில் போட்டு உட்கார்ந்ததால் மாமாவும் மைத்துனனும் ஒருவரையொருவர் பார்க்க முடியாமல் போயிற்று. நிலத்தின் நினைவு என்ன விலை என்று அவர் சொன்னார். ஒரு மூட்டைக்கா என்று மாஸ்டர் கேட்டார். ஒரு தட்டுக்கு என்றார் ஆலோசகர். அவர் முகத்தில் கோபமே இல்லை.

"அதிகம்னு நினைக்கிறீங்க. தாராளமா நினைக்கலாம், அதுவும் விலையில சேர்ந்ததுதான். கிழங்குக்கு ஆகற செலவு ரொம்பக் கம்மி சார், அதை நாங்க மறைக்கறதே இல்ல. அதை உங்களுக்கு எடுத்துச் சொல்றவங்களுக்குத்தான் செலவு. விளக்குநர்கள் இருக்காங்க, வாசல்ல மனநிலை கேட்கறவங்க இருக்காங்க, அப்புறம் நான் இருக்கேன். விலை ஏன் அதிகம்னு சொல்றதுக்காக என்னை எடுத்தாங்க. என்னை எடுத்ததால விலை கொஞ்சம் ஏறிடுச்சு. அந்த ஏத்தத்தை விளக்கறதுக்கு அடுத்த மாசம் இன்னொருத்தர் வர்றார்."

சமையல் செய்ய எத்தனை பேர் என்று மாஸ்டர் கேட்டார்.

"அவர் ஒருத்தர்தான். பாவம், அவருக்குக் கேட்டு வாங்கத் தெரியாது" என்றார் ஆலோசகர்.

எழுந்து போய்விடலாம் என்று மாஸ்டருக்குத் தோன்றியது. ஆனால் ஆலோசகரின் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தபோது மைத்துனன் மெனுவைத் தலைகீழாகப் பிடித்துப் படித்துக்கொண்டிருப்பது தெரிந்தது. விஷயம் என்ன என்று தெரியாமல் இவனைத் தெருவில் விட முடியாது. இருப்பதில் எதையாவது கொடுங்கள், சீக்கிரம் கொடுங்கள் என்றார். சீக்கிரம் என்ற சொல்லைக் கேட்டு ஆலோசகருக்கு முகம் சுருங்கியது. நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

மைத்துனன் மறுபடியும் கண்ணாடியைக் கழற்றினான். ஒருத்தங்க இருக்காங்க மாமா என்றான். டாக்டரா என்றார் மாஸ்டர். இல்லை என்று சொல்ல அவன் வாயெடுத்தபோது எங்கோ மணி அடித்தது. விளக்குகள் மங்கின. தட்டு வந்தது. முதல் கவளத்தை மௌனமாக உண்ண வேண்டும் என்பது கழகத்தின் விதி என்றும், மறுபடி மணி அடிக்கும்வரை பேசக் கூடாது என்றும் விளக்குநர் சைகையால் தெரிவித்தார். மைத்துனன் மீறி ஏதோ கிசுகிசுத்தான். பத்து மேஜைகளிலிருந்தும் உஷ் என்று சத்தம் வந்தது.

வேறு வழியில்லாமல் மாஸ்டர் கிழங்கை எடுத்துக் கடித்தார்.

நன்றாக இருந்தது. ஏதோ பரவாயில்லை என்கிற அளவில் அல்ல. மேலே மொறுமொறுவென்று உடைந்தது, உள்ளே ஆவி பறக்கப் பஞ்சு மாதிரி இருந்தது, உப்பு எங்கே இருக்க வேண்டுமோ அங்கே இருந்தது. ஐம்பது வயதுக்கு மேலாகியும் தான் உருளைக்கிழங்கு என்ற ஒன்றைச் சாப்பிட்டதே இல்லையோ என்று அவருக்குச் சந்தேகம் வந்தது. அவருடைய எரிச்சல் அதனால் இரண்டு மடங்காயிற்று. கேவலமாக இருந்திருந்தால் திட்டிவிட்டுப் போயிருக்கலாம். அந்த வழியையும் எவனோ ஒரு சமையல்காரன் அடைத்துவிட்டான்.

மறுபடி மணி அடித்தபோது விளக்குகளோடு கூடவே கழகத்தின் ஆய்வுக் குழுவும் வந்துவிட்டது. தலைவர், செயலாளர் அம்மாள், ஓர் உறுப்பினர். அங்கீகாரத்தைப் புதுப்பிக்கும் நாள் அன்று. உணவு விலைக்குத் தகுந்ததா என்று சாதாரண விருந்தினர் ஒருவர் எல்லோர் முன்னாலும் சாட்சி சொல்ல வேண்டுமாம். விலையைக் கேட்டவர் யார் என்று தலைவர் விசாரித்தார். விளக்குநர், ஆலோசகர், வாசல் பெண் மூவரும் ஒரே நேரத்தில் மாஸ்டரைச் சுட்டிக்காட்டினார்கள். உறுப்பினர் எதையும் விசாரிக்கவில்லை, வந்ததிலிருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

தலைவர் மைக்கைப் பிடித்தார். அவருக்கு அது பழகிய பொருள் என்று பிடித்த விதத்திலேயே தெரிந்தது.

"இந்தச் சாப்பாடு இந்த விலைக்குத் தகுமா என்று கேட்பது பழைய காலம். இந்த விலைக்குத் தகுந்த நாக்கு நம்மிடம் இருக்கிறதா என்று கேட்பதே நமது கழகம். போன வருடம் ஒருவர் சாப்பிட்டுவிட்டு, நல்லாருக்கு என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். எவ்வளவு பெரிய இழப்பு. அப்படிப்பட்டவர்களுக்கு நாம் அதிகமாக விளக்க வேண்டியிருக்கிறது. ஆகவே அவர்களிடம் அதிகமாகக் கட்டணம் வாங்கலாமா என்று யோசித்துவருகிறோம். விலையைக் குறைக்கச் சொல்கிறார்கள். குறைத்தால் என்ன ஆகும்? ஜனங்கள் வந்து வெறுமனே சாப்பிட ஆரம்பித்துவிடுவார்கள்."

கைதட்டினார்கள். மைக் மாஸ்டரிடம் வந்தது. அவர் வாழ்நாளில் மைக் பிடித்ததில்லை. ஆனால் எரிச்சல் மண்டைக்கு ஏறியிருந்ததால் கூச்சம் வரவில்லை.

"சாப்பாடு நல்லாருக்குங்க. இதுக்கு இன்னும் கூடக் கேட்டாலும் குடுக்கலாம். ஆனா நீங்க பேசறதுக்கு நாங்க எதுக்குக் குடுக்கணும்? நாங்கதான் பேச வந்தோம்."

செயலாளர் அம்மாள் எழுதிக்கொண்டாள். எழுதியதை உரக்கப் படித்தாள்: சாப்பாடு நல்லாருக்கு, இன்னும் கூடக் கேட்டாலும் கொடுக்கலாம். மீதி எங்கே என்று மாஸ்டர் கேட்பதற்குள் மைக்கை மைத்துனன் கையில் திணித்து, முதல் கவளத்தில் உங்கள் உள்ளத்தில் என்ன எழுந்தது என்று தலைவர் கேட்டுவிட்டார்.

மைத்துனன் எழுந்து நின்றான். நெற்றியில் வியர்வை. தலைவரைப் பார்க்கவில்லை, மாஸ்டரைத்தான் பார்த்தான்.

"பயம்தாங்க எழுந்துச்சு. மாமாகிட்ட ஒண்ணு சொல்ல வந்தேன், வந்ததுலேருந்து சொல்லவே விட மாட்டேங்கறீங்க. மாமா, நான் ஒருத்தங்கள கட்டிக்கப்போறேன். கண்ணாடிக் கடையில கண்ணு டெஸ்ட் பண்றவங்க. முன்னாடி கல்யாணமாகி விலகி வந்தவங்க. ஏழாவது படிக்கற பொண்ணு இருக்கு. அக்காகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. அவ்ளோதான்."

சபையில் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். சாப்பிட்டுக்கொண்டிருந்த உறுப்பினர்கூட எழுந்தார். தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரு குடும்பத்தின் மௌனத்தை ஓர் உருளைக்கிழங்கு உடைத்ததை இன்று கண்ணால் கண்டோம் என்று அறிவித்தார். அங்கீகாரம் அந்த இடத்திலேயே புதுப்பிக்கப்பட்டது. முதல் கவளத்திலிருந்தே யாரோ படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மாஸ்டர் அதைக் கவனிக்கவில்லை. நோய் இல்லை, ஸ்கேன் இல்லை, கல்யாணம்தான் என்று அவருடைய மனது திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. மைத்துனனைக் கட்டிக்கொள்ள வேண்டும்போலிருந்தது. வாயைத் திறந்தார். உடனே மைக் வந்தது. மூடிக்கொண்டார்.

கடைசியில் அவர்கள் பேசியது வெளியே, நிறுத்தியிருந்த மோட்டார் சைக்கிள்களுக்கு நடுவில் நின்றுகொண்டு. படிக்கக் கண்ணாடி போட வேண்டி வந்தபோதுதான் அந்தப் பெண்ணைப் பார்த்தானாம். எழுத்தைச் சரியாக வாசித்துவிட்டால் மறுபடி வரச் சொல்ல மாட்டாள் என்று தெரிந்ததால் வேண்டுமென்றே தப்பாக வாசித்தானாம். அதன் விளைவாக இப்போது அவனிடம் மூன்று கண்ணாடிகள் இருக்கின்றன. எதைப் போட்டாலும் சரியாகத் தெரிவதில்லை. மாஸ்டர் தெருவிலேயே விழுந்து விழுந்து சிரித்தார். அக்காவிடம் நான் சொல்கிறேன், நேரம் பார்த்துப் பக்குவமாகச் சொல்கிறேன் என்று தைரியம் சொல்லி அவனை அனுப்பினார்.

நேரம் பார்ப்பதில் அவருக்கு நிகர் யாரும் கிடையாது. திங்கட்கிழமை மனைவிக்குத் தலைவலி. செவ்வாய்க்கிழமை அவள் நல்ல மனநிலையில் இருந்தாள், அதைக் கெடுக்க மனம் வரவில்லை. புதன்கிழமை குழாயில் தண்ணீர் வரவில்லை. இப்படியே அந்த வாரம் போய், அடுத்த வாரமும் பாதி போயிற்று.

அன்று மத்தியானம் மனைவி காய்கறிப் பையோடு பஸ்ஸை விட்டு இறங்கியவள், நிறுத்தத்தின் கண்ணாடித் தடுப்பில் ஆளுயரத்துக்குத் தன் தம்பியைக் கண்டாள். கண்கலங்கி மைக்கோடு நின்றான். பக்கத்தில் அவளுடைய கணவர் வாய் நிறையக் கிழங்கோடு இருந்தார். மேலே பெரிய எழுத்தில்: இங்கேதான் தம்பி தன் திருமணச் செய்தியைச் சொன்னார். கீழே: நிலத்தின் நினைவு, விலைக்கு மேலே ஓர் உணவு.

வீட்டுக்கு வந்து பையை மெதுவாக வைத்தாள். அவள் எதையும் மெதுவாக வைத்து மாஸ்டர் பார்த்ததில்லை. பயந்துபோனார்.

"உருளைக்கிழங்குக்குத் தெரிஞ்சது கூடப் பிறந்தவளுக்குத் தெரியல" என்றாள். சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவில் அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. வாசலில் நின்ற மாஸ்டருக்கு உள்ளே போகவும் தைரியம் வரவில்லை, நகரவும் முடியவில்லை. இவ்வளவுக்கும் தான் செய்த குற்றம் ஒரு தட்டுக் கிழங்கு சாப்பிட்டதுதான் என்று நினைத்துக்கொண்டார். அப்படியில்லை என்பதும் அவருக்குத் தெரிந்துதான் இருந்தது.

மறுநாள் போஸ்டரை எடுக்கச் சொல்வதற்காக மூவரும் போனார்கள். பாருக்குள் அவள் காலெடுத்து வைப்பது அதுதான் முதல் தடவை. வாசல் பெண் மனநிலையைக் கேட்டாள். "கோவம்" என்றாள் மாஸ்டரின் மனைவி. அது திரையில் இல்லாததால் சமாதானத்தில் போட்டார்கள். ஜன்னலோரம் நல்ல மேஜை கிடைத்தது.

மேனேஜர் ஓடி வந்தார். போஸ்டர் கழகத்தின் சொத்து, எடுக்க முடியாது என்றார். ஆனால் அக்காவே நேரில் வந்தது எவ்வளவு பெரிய பாக்கியம், கதையின் இரண்டாம் பாகமே வந்து உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கிறது என்று நெகிழ்ந்தார். போஸ்டர் ஒட்டியபிறகு நிலத்தின் நினைவுக்கு விலையை ஏற்ற வேண்டியிருந்தது, இப்போது அது வெறும் கிழங்கு இல்லை, குடும்பமும் சேர்ந்தது என்றார். இன்றைக்கு இவர்கள் எதற்கும் பணம் தர வேண்டாம் என்றும் சொன்னார். அவர் போகும்வரை அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கொஞ்சம் சீக்கிரமாகவே போனார்.

பிறகு தம்பியிடம் திரும்பினாள். "இப்ப சொல்லு. என்கிட்ட சொல்லு."

அவன் வாயைத் திறந்தான். தட்டோடு விளக்குநர் வந்து நின்று, இந்தக் கிழங்கு என்று ஆரம்பித்தார். அவள் திரும்பாமலே ஒரு கையைத் தூக்கினாள். "கொஞ்சம் நில்லுங்க" என்றாள். பஸ்ஸை நிறுத்துகிற கை அது. விளக்குநர் அப்படியே நின்றார்.

மைத்துனன் சொன்னான். கண்ணாடிக் கடையை, தப்பாக வாசித்த எழுத்துகளை, விலகி வந்த கதையை, எல்லாவற்றையும் சொன்னான். பெண் யார், எந்தக் குடும்பம் என்று அவள் கேட்கவில்லை. நடுவில் விளக்குநர், கிழங்கைப் பொரித்து நாலு நிமிஷத்துக்குள் சாப்பிட வேண்டும், இல்லாவிட்டால் அதன் ஆன்மா போய்விடும் என்று தழுதழுத்தார். போகட்டும் என்றாள் அவள்.

"அந்தச் சின்னப் பொண்ணு உன்னை என்னன்னு கூப்பிடுது?"

"இன்னும் ஒண்ணும் கூப்பிடலக்கா. போன வாரம் சைக்கிள் செயின் மாட்டிக் குடுத்தேன். தேங்க்ஸ்னு சொல்லுச்சு."

என்கிட்ட சொல்ல என்னடா பயம் என்று கேட்டாள். அவன் மேஜையைப் பார்த்தான். மாஸ்டர் கூரையைப் பார்த்தார். பதில் அவளுக்கே தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் திரும்பக் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவர்களைக் கூட்டிக்கொண்டு வா, பார்க்கிறேன் என்றாள். பார்க்கிறேன் என்றுதான் சொல்கிறேன், சரி என்று சொல்லவில்லை என்பதையும் தெளிவாகச் சொன்னாள்.

அப்புறம்தான் விளக்குநரிடம் தட்டை வாங்கினாள். கிழங்கு விறைத்துப்போயிருந்தது. ஒன்றை எடுத்து மென்றாள். இன்னொன்றை எடுத்தாள்.

"ஆறிப்போயும் நல்லாத்தான இருக்கு. அப்புறம் எதுக்கு மனுஷங்கள இப்படி அவசரப்படுத்தறீங்க?"

விளக்குநரிடம் அதற்கு விளக்கம் இல்லை. மேனேஜர் எவ்வளவு தடுத்தும் கேட்காமல் அவள் பில்லைக் கட்டிவிட்டுத்தான் வெளியே வந்தாள். ஓசியில் சாப்பிட்டால் அதற்கும் ஒரு போஸ்டர் ஒட்டுவார்கள் என்றாள்.

ஒட்டினார்கள். சனிக்கிழமை சாயங்காலம் பஸ் நிறுத்தத்திலிருந்த அதே போஸ்டரின்மேல் குறுக்காகச் சிவப்புத் தாள் பட்டை ஒன்று ஏறியிருந்தது: அக்காவும் சம்மதித்தார். மாஸ்டர் அதை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். நல்ல பசை. உயர்தரப் பசை என்று தோன்றியது. மனைவியிடம் சொல்ல நேரம் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை மாஸ்டரின் மனைவி கூடத்து நாற்காலியில் நேராக உட்கார்ந்திருந்தாள். பத்து வருடம் பெண் பார்த்த அனுபவத்தில் கேள்விகள் வரிசையாகத் தயாராக இருந்தன. கதவு திறந்தது. மைத்துனனுக்குப் பின்னால் ஒல்லியாக ஒரு பெண், அவள் முதுகுக்குப் பின்னால் பாதி ஒளிந்துகொண்டு மகள். அந்தப் பெண் நேரே வந்து மாஸ்டரின் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணி, நேத்து பஸ் ஸ்டாப்புல பாத்தேன். நீங்க சம்மதிச்சிட்டீங்கன்னு போட்டிருந்துச்சு. ராத்திரியெல்லாம் தூங்கல" என்றாள். மேற்கொண்டு சொல்ல முடியாமல் அழுதுவிட்டாள்.

மாஸ்டரின் மனைவி கணவரைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை அவர் இன்னும் மறக்கவில்லை. பிறகு தன் கையைப் பிடித்திருந்த கையைப் பார்த்தாள். கேள்விகளெல்லாம் எங்கே போயினவோ.

"சரி, உள்ள வா. பொண்ணு வெயில்ல வந்திருக்கு, மொதல்ல அதுக்குத் தண்ணி குடுக்கணும்" என்றாள்.

கல்யாணம் ரிஜிஸ்டர் ஆபீஸில் நடந்தது. கழகத்துக்குச் சொல்லவில்லை. ஆனாலும் அவர்களுடைய ஆண்டு விழாவில் தலைவர் இதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசியதாகக் கேள்வி. ஒரு குடும்பத்தைச் சேர்த்துவைத்த உணவுக்கு எவ்வளவு விலை வைத்தாலும் தகும் என்றாராம். அந்த வாரமே விலை ஏறியது. மாஸ்டருக்கு வயிறு எரிந்தது. அந்தக் கும்பல் குறுக்கே வராமலிருந்தால் இந்த விஷயம் இதைவிட நன்றாக, இதைவிடக் கௌரவமாக நடந்திருக்கும் என்று அவர் இன்றும் நம்புகிறார். எப்படி நடந்திருக்கும் என்று மனைவி கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுகிறார்.

இப்போதும் வண்டி பழக வருகிறவர்கள் மார்க்கெட் முனையைக் கடக்கும்போது அவரை அடையாளம் கண்டுகொண்டு, சார், அங்க குடுக்கற காசுக்குச் சாப்பாடு தகுமா என்று கேட்கிறார்கள். இல்லை என்று சொல்ல அவருக்கு ஆசைதான். ஆனால் அந்தக் கிழங்கு நாக்கில் வந்து நின்றுகொண்டு பொய் சொல்ல விடுவதில்லை.

"சாப்பாடு தகும். பேச வேண்டியது ஏதாவது இருந்தா மட்டும் வீட்டுலயே பேசி முடிச்சுட்டுப் போங்க" என்கிறார்.